புறங்கை

சலவைக்கூடத்தில் ஈர விரிப்பைக் காயவைக்கும் பெரிய உருளையை நினைத்தவுடன் நிறுத்திவிட முடியாது. சூட்டை அணைத்த பிறகும் ஒரு மணி நேரம் வெறுமனே சுற்றவிட வேண்டும். அப்படியே நிறுத்தினால் மேலே சுற்றியிருக்கும் கம்பளி ஒரே இடத்தில் கருகிப்போகும். பிள்ளையும் அப்படித்தான் என்பதை அங்கே வேலை பார்க்கும் பெரியவள் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாள். நாள் முழுக்க ஓடிய பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, தூங்கு என்றால் எங்கே தூங்கும்? கருகும். அதையும் ஒரு மணி நேரம் சுற்றவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றத்தான் வேண்டும்.

ஆறரைக்கு வெந்நீர். குளித்துவிட்டு வெளியே வரும்போது ஈரக்காலை அகட்டி அகட்டி நடந்ததால் பிள்ளைக்கு வாத்து என்று பெயர் விழுந்துவிட்டது. மருத்துவமனைச் சீட்டில் வேறொரு நல்ல பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வாத்தும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள். ஏழு மணிக்குப் பாலில் ஊறிய ரொட்டி. அது முடிந்ததும் ஜன்னல் திரை. திரையை இழுத்து மூடுவது வாத்தின் உத்தியோகம். அவள் நுனியைப் பிடித்துக்கொள்வாள், பெரியவள் மேலே பிடித்து இழுப்பாள், பெருமை வாத்துக்குப் போகும். பிறகு வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றிடமும் 'நாளைக்குப் பாக்கலாம்' சொல்ல வேண்டும். வாளிக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, வாசலில் கிடக்கும் செருப்புக்கு ஒன்று. சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாய்க்கு இரண்டு. ஏழரைக்கு விளக்கு அணையும். இருட்டில் போர்த்திவிட்டுப் பக்கத்து நாற்காலியில் பெரியவள் உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து ஒரு கேள்வி வரும்.

"ம்மா?"

"ம்ம்."

இருக்கிறாயா, இருக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. ஐந்தாறு தடவை கேட்பாள். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போகும். பெரியவள் அடுத்த கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அது வராது. வராததுதான் தூக்கம்.

வாத்து அவள் பெற்ற பிள்ளை அல்ல. தங்கையின் பிள்ளை. கட்டிக்கொண்டவன் நாலு வருஷத்தில் வேறு ஊர் வேறு வீடு என்று போய்விட்டதால், பெரியவளிடம் பிள்ளை என்று ஒன்றும் இல்லை, அதற்கான ஆசையைக்கூட எங்கேயோ மடித்து வைத்துவிட்டு மறந்திருந்தாள். சின்னவளுக்குப் பிரசவம் ஆகி, பதினொரு நாள் கண் மூடவில்லை. பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்கவில்லை. சுவரைப் பார்த்து எதையோ எண்ணிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டாம் நாள் சமையலறையில் இருந்த கத்திகளையெல்லாம் ஒரு துண்டில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்து, "அக்கா, என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல. இவளை எடுத்துட்டுப் போயிடு" என்றாள். அழக்கூட இல்லை. கடை சாத்தியிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த நோய்க்கு மருத்துவர் ஒரு நீளமான பெயர் சொன்னார். பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு வருமாம். அவள் குற்றம் இல்லையாம், சரியாகிவிடுமாம். சரியாவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலே ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தது.

தூக்கிக்கொண்டு வந்த புதிதில் வாத்தின் வயிறெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்தது. பதறிக்கொண்டு போய்க் குழந்தைகள் நலக்கூடத்து நர்சம்மாவிடம் காட்டினாள். அந்த அம்மாள் பிள்ளையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பதினாறு வருஷம் சலவைச் சோடாவிலும் கொதிக்கும் விரிப்புகளிலும் புழங்கிய உள்ளங்கை. "இது கையா, உப்புத்தாளா? இதை வெச்சுத் தேச்சா மரமே வழவழன்னு ஆயிடும். பச்சைப்பிள்ளை என்னத்துக்கு ஆகும்?" என்றாள். இவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையிடம் போகும்போது உள்ளங்கையைத் தானாக மடக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். பழகியது பிறகு மறந்தும் போயிற்று.

சின்னவள் முழுசாகத் தேறி வந்தபோது வாத்துக்கு இருபது மாதம். பெரியவளை 'ம்மா' என்றுதான் கூப்பிட்டாள். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை.

நர்சம்மா ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தாள். பகலில் பிள்ளை யாரோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும், ராத்திரித் தூக்கத்தைத்தான் கடைசியாகக் கை மாற்ற வேண்டும், அதை அவசரப்படக் கூடாது என்றாள். ஒரு மாதத்துக்குச் சின்னவள் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வர வேண்டும். இரண்டு நாற்காலி. பெரியவளுடையது கட்டிலை ஒட்டி, சின்னவளுடையது கதவோரம். மூன்று நாளைக்கு ஒரு தடவை இவள் நாற்காலி ஓரடி பின்னால் போக வேண்டும், அவள் நாற்காலி ஓரடி முன்னால் வர வேண்டும்.

சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை மடிப்பதும் இப்படித்தான். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வர வேண்டும். நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒருத்தி தன் கையில் இருக்கும் மூலைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பின்னால் போக வேண்டும். பெரியவள் அதை ஆயிரம் தடவை செய்தவள். கொடுக்கிறவளின் கை அந்த ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் என்பதை மட்டும் அதுவரை கவனித்ததில்லை.

பத்தாம் நாள் வாக்கில் இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இருட்டில் அக்காவும் தங்கையும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, தூங்கிட்டாளா?" என்று சின்னவள் காதோடு கேட்டாள்.

"இன்னும் ரெண்டு 'ம்மா' பாக்கி இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"இருபது மாசமா வேற என்ன வேலை எனக்கு?"

சின்னவள் சிரிப்பை அடக்கப் போய் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதில் இருவரும் ஒரே போர்வைக்குள் கிடந்து இப்படித்தான் சிரிப்பார்கள். தங்கை பிழைத்து வந்துவிட்டாள் என்று பெரியவளுக்கு நெஞ்சு நிறைந்த இடம் அதுதான். அதே நிமிஷத்தில் "ம்மா?" என்று கேள்வி வந்தது. பதில் சின்னவள் சொல்ல வேண்டும் என்பது நர்சம்மாவின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் பெரியவளின் வாய் முந்திக்கொண்டது. "ம்ம்."

சின்னவளின் தோள் கொஞ்சம் விலகிக்கொண்டது.

பிறகு நாற்காலி கதவோரம் போன பிறகும் பெரியவளின் வாய் முந்துவது நிற்கவில்லை. கட்டிலருகே சின்னவள் தட்டிக் கொடுப்பாள், பிள்ளை சிணுங்குவாள், 'ம்மா?' என்பாள், கதவோரத்திலிருந்து 'ம்ம்' வரும், பிள்ளை தூங்கிவிடும். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. சின்னவளைக் கட்டிய மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். அன்று அவர் கீழே, கழற்றிய கட்டிலை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். மாடியில் சின்னவள் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"ஆறரைக்குக் குளியல். ஏழுக்கு ரொட்டி. சரி. அப்புறம் திரை."

"நீயா இழுத்துடாத. அவ இழுக்கணும்."

"சரி. நாளைக்குப் பாக்கலாம். யார் யாருக்கு?"

"வாளி, நாற்காலி, செருப்பு, குழாய். குழாய்க்கு ரெண்டு தடவை."

"எங்க வீட்டுக் குழாய் ஒழுகாதே அக்கா."

"அப்ப ஒழுக விடு."

"இவளுக்காகவா?"

"பின்ன எனக்காகவா? ஒரு வாஷரைக் கழட்டச் சொல்லு உன் வீட்டுக்காரரை. வேன் ஓட்டுற மனுஷனுக்கு அதுகூடத் தெரியாதா?"

சின்னவள் அதையும் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் இருந்த அதே குண்டு எழுத்து.

"விளக்கை அணைச்சப்புறம்?"

"போத்திவிட்டுத் தட்டிக் கொடு. 'ம்மா'ன்னு கேப்பா. 'ம்ம்'னு சொல்லு. வேற பேச்சுப் பேசாத. அவ்வளவுதான்."

"எப்படித் தட்டணும்?"

"எப்படின்னா? ஊர்ல எல்லாரும் தட்டுற மாதிரிதான்."

சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. தான் தட்டிக் கொடுக்கிறோம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

வேன் கிளம்பும்போது வாத்து முன் இருக்கையில் அம்மா மடியில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் விடை சொன்னாள். "நாளைக்குப் பாக்கலாம்." பெரியவளுக்கு இரண்டு தடவை. குழாய்க்குச் சொல்வதுபோல.

திங்கட்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, தூங்க மாட்டேங்குறா. நேத்தும் பதினொன்றரை ஆச்சு. நீ சொன்னதெல்லாம் வரிசையாப் பண்ணிட்டேன். குழாய்கூட ஒழுகுது. தட்டிக் கொடுத்தாத்தான் இன்னும் அதிகமா அலறுறா."

பின்னால் வாத்தின் குரல் கேட்டது. பசி அழுகை இல்லை. கோபமும் இல்லை. பெரியவள் அதுவரை கேட்டிராத ஓர் அழுகை.

"புது இடம்ல? ரெண்டு நாள் ஆகும்" என்றாள். போனை வைத்த பிறகு, தன் மனசில் ஒரு மூலையில் யாரோ விளக்கேற்றினதுபோல இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். என்னைத் தேடுகிறாள். என்னைத்தான் தேடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை மழை. மழைக்காலத்தில் சலவைக்கூடத்தில் வேலை இரட்டிப்பு. வெளியே எதுவும் காயாது, எல்லாம் உருளைக்குத்தான் வந்தாக வேண்டும். உருளையின் முன்பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பைக் கொடுப்பார்கள். பின்பக்கம் சூடாக வெளியே வருவதைப் பெரியவளும் ரேடியோவும் வாங்குவார்கள். ரேடியோ என்பவள் அவள் வயதுக்காரி. காலையில் அட்டையில் நேரம் பதிந்ததும் பேச ஆரம்பித்தால் சாயங்காலம்தான் நிற்பாள், அதனால் அந்தப் பெயர்.

"எங்க வீட்டுக்காரர் குறட்டை விடுறார்னு நேத்து மூக்கை அமுக்கிட்டேன். எழுந்து உக்காந்து, கொலை பண்ணப் பாக்குறியான்னு கேக்குறார். நான் சொன்னேன், கொலை பண்ணணும்னா மூக்கையா பிடிப்பேன், சம்பள நாள் வரைக்கும் பொறுத்துக்கிட்டு... ஏய், கேக்குறியா இல்லையா?"

"கேக்குறேன், சொல்லு."

விரிப்பு வந்தது. பெரியவள் வழக்கம்போல வாங்கிப் பலகையில் போட்டு ஈரம் பார்த்தாள். உள்ளங்கை காய்த்துப்போனவர்களுக்கு ஈரம் தெரியாது, புறங்கைதான் சொல்லும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேலிருந்து கீழே, புறங்கை மெதுவாகப் போயிற்று. கடைசியில் மூலையைத் திருப்பி இரண்டு விரலால் மடித்துவிட்டது. மறுபடியும் மேலே போய், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

கை அப்படியே நின்றது.

நெற்றி நடுவிலிருந்து காதோரத்துக்கு. கழுத்து, தோள், வயிறு, கால். நனைத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, போர்வை மூலையைத் திருப்பிப் பிஞ்சு விரல்களுக்குள் வைப்பாள். மறுபடியும் நெற்றி. இருபது மாதமாக, ஒவ்வொரு ராத்திரியும், இருட்டில். அவள் ஒரு நாளும் வாத்தைத் தட்டிக் கொடுத்ததே இல்லை. அந்தப் பிள்ளைக்கு உள்ளங்கை என்றால் என்னவென்றே தெரியாது.

"என்னடி, விரிப்பைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற? அடுத்தது வருது பாரு!" என்று ரேடியோ கத்தினாள். அதற்குள் இரண்டு விரிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தரையில் விழுந்தன.

அன்று சாயங்காலம் சின்னவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தாள். "இன்னிக்கு எப்படி?" என்று கேட்டாள். "அதே கதைதான்க்கா" என்றாள் சின்னவள். "பழகிடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தாள். புதன்கிழமை, போனில் சொன்னால் புரியாது, நேரில் சொல்லலாம் என்று தோன்றியது. வியாழக்கிழமை, இதெல்லாம் ஒரு காரணமா, நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன் என்று தோன்றியது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நியாயம் வந்து கதவைத் தட்டியது. எல்லாவற்றையும் உள்ளே விட்டு உட்கார வைத்தாள். அவற்றின் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றது எது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் வாத்துக்கு இனி அவள் தேவைப்பட மாட்டாள். அது அவளிடம் மிச்சமிருந்த கடைசி மூலை. அதை விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை பேசினார். குரலைத் தாழ்த்தி, வாசலுக்கு வெளியே நின்று பேசுவதுபோல இருந்தது.

"அக்கா, பாப்பாவை விடுங்க. இவளுக்கு நேத்து ராத்திரி சுத்தமாத் தூக்கம் இல்ல. பாப்பா ரெண்டு மணிக்கு அசந்துட்டா. இவ விடிய விடிய உக்காந்திருக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"மாத்திரை போட்டாளா?"

"போட்டா. ஆனா டாக்டர் என்ன சொன்னார்? தூக்கம் கெட்டா உடனே கூட்டிட்டு வான்னார். இன்னும் ரெண்டு நாள் பாக்குறோம். இப்படியே இருந்தா பாப்பாவை உங்ககிட்டயே திரும்பக் கொண்டாந்து விட்டுடலாம்னு இவளே சொல்றா. உங்களுக்குச் சிரமம்தான்..."

"எனக்கு என்ன சிரமம்?" என்றாள் பெரியவள். அவ்வளவு சட்டென்று சொன்னாள்.

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்த சின்னப் போர்வையை எடுத்து நனைத்தாள். வெளியே மழை, எங்கே காயும் என்று யோசிக்கவில்லை. பால் இருக்கிறதா என்று பார்த்தாள். கதவோரம் கிடந்த நாற்காலியை எடுத்து, கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போட்டாள். வாளியை இழுத்து வைத்தாள். வேலை செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம் என்று திடீரென்று காதில் விழுந்தது. பாட்டு. தங்கை விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள், தான் பாடிக்கொண்டிருக்கிறோம். போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த கையால் அதற்கு மேல் முறுக்க முடியவில்லை. ஈரத்தோடு அப்படியே வாளியில் போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் சின்னவளே பேசினாள். சலவைக்கூடத்துப் பின்வாசலில், நீராவி வெளியே போகும் குழாய்க்கு அடியில் நின்று பெரியவள் பேசினாள்.

"அக்கா, பரபரப்பா எல்லாம் இல்ல. நிதானமாத்தான் பேசறேன். எனக்கு ஒண்ணு புரிஞ்சிடுச்சு."

"என்ன?"

"என்னைப் பாத்து அழலக்கா அவ. பகல்ல நல்லா இருக்கா, மடியில வந்து உக்காருறா, சோறு ஊட்டினா வாங்குறா. ராத்திரி என் கை மேல பட்டாத்தான் அலறுறா. கைக்கு மட்டும்."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இந்தக் கைதானே அப்ப... நான் பயந்தேனே, இது என்ன பண்ணிடுமோன்னு. அவ பன்னெண்டு நாள் பிள்ளைதான். ஆனா தெரிஞ்சிருக்கு. மறக்கல. சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும்க்கா. அவ பயப்படுறது நியாயம்தான். ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விட்டுடறேன். நீயே வளத்துடு. நான் சாயங்காலத்துல வந்து பாத்துட்டுப் போறேன், சித்தி மாதிரி."

"அப்படியெல்லாம் இல்லடி."

"வேற என்ன?"

சொல்லிவிடலாம். நீராவி புஸ்ஸென்று தலைக்குமேல் போயிற்று. உள்ளே மணி அடித்தது. "சாயங்காலம் வரேன்" என்றாள் பெரியவள். "ஏழரைக்கு வரேன். நான் வர்றது அவளுக்குத் தெரிய வேணாம்."

அன்று பின்பக்கம் ரேடியோ என்னென்னவோ பேசினாள். "உனக்கு என்ன, பிள்ளை திரும்ப வரப்போகுதுன்னு சந்தோஷத்துல காது அடைச்சுப் போச்சா?" என்றும் கேட்டாள். பெரியவள், "வராது" என்றாள். ரேடியோ அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மழையில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன, உள்ளே ஈரத் துணி வாசனை. வழியெல்லாம் அவள் தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், ஏதாவது கடித்துவிட்டதா என்று கேட்டாள்.

சின்னவள் வீடு மூன்றாவது மாடி. கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இடது செருப்பின் வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியது, நடந்தால் ஒரு சரக் ஒரு டப் என்று சத்தம் வரும். பகலில் வாத்தை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் காப்பகத்தின் படியில் அந்தச் சத்தம் கேட்டதும் வாத்து விளையாட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். வெறுங்காலோடு, சில்லென்ற படிகளில், திருடி மாதிரி ஏறினாள்.

இரண்டாவது மாடி திரும்பும்போதே அழுகை கேட்டது. கால் தானாக இரண்டு படி தாவியது. கைப்பிடியைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் சமையலறையைக் காட்டினார். அவர் அறைக்குள் போய்ப் பிள்ளையிடம் நின்றுகொள்ள, சின்னவள் வெளியே வந்தாள். ஐந்து நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நாள்காட்டித் தாள் சுவரில் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் செய்து முடித்ததற்கு அடையாளமாக ஐந்து ஐந்து கோடு.

"கையைக் காட்டு" என்றாள் பெரியவள்.

சின்னவள் இரண்டு கையையும் உள்ளங்கை மேலே இருக்கும்படி நீட்டினாள். பரிசோதனைக்கு நீட்டுவதுபோல. வழவழப்பான, சின்னக் கைகள். பெரியவள் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"கையில தப்பு இல்ல. பக்கம்தான் தப்பு."

"என்னது?"

"நான் அவளைத் தட்டினதே இல்லடி. என் கை உப்புத்தாள்னு அந்த நர்சம்மா சொன்னதுலேருந்து புறங்கையாலதான் தடவி விடுவேன். விரிப்பு ஈரம் பாக்குற மாதிரி. அவளுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நீ தட்டவும் அது வேற யாரோன்னு பயந்துட்டா. உன் கையை அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. பன்னெண்டு நாள் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? பாலும் ஈரமும்தான்."

சின்னவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நிஜமா? என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்லலியே?"

"இல்ல."

"அப்ப ஏன் எழுதும்போது சொல்லல?"

"அப்ப எனக்கே தெரியாது."

"எப்பத் தெரிஞ்சது?"

இன்றைக்குத்தான் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை."

உள்ளே வாத்து அழுகிறாள். குழாய் சொட்டுகிறது. சின்னவள் விரல் மடக்கி எண்ணவில்லை, ஆனால் அவள் கண்ணில் எண்ணிக்கை ஓடுவதைப் பெரியவள் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன்.

"மூணு ராத்திரி" என்றாள் சின்னவள்.

"ம்."

"நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

திட்டுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை. சின்னவள் திட்டவில்லை. ரொம்ப நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கத்திகளைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்த அன்று பெரியவள் அவள் முகத்தை எப்படிப் பார்த்தாளோ, அப்படி. பிறகு புறங்கையை நீட்டினாள்.

"எப்படின்னு காட்டு."

பெரியவள் தங்கையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். நடுவிலிருந்து காதோரத்துக்கு. கழுத்து. தோள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். நின்றவாக்கிலேயே அவள் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, அக்காவின் பக்கம் சாய்ந்தது. ஐந்து ராத்திரித் தூக்கம் அது. "அழுத்தாத. போற போக்குல போற மாதிரி. காலுக்குப் போனதும் போர்வை மூலையைத் திருப்பி அவ விரலுக்குள்ள வெச்சிடு. மறுபடியும் நெத்தி."

"ம்."

"'ம்மா'ன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

"இவ்வளவு நாள் நீ என்னைச் சொல்லவிடலியே."

"இனிமே விடுறேன்."

சின்னவள் கண்ணைத் திறந்தாள். தன் புறங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு அறைக்குள் போனாள். விளக்கு அணைந்தது. மாப்பிள்ளை வெளியே வந்து, டீ போடட்டுமா என்று சைகையால் கேட்டார். வேண்டாம் என்று பெரியவளும் சைகையால் சொன்னாள். செருப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தம் வராமல் ஒருக்களித்துவிட்டுப் படியில் நின்றாள்.

அழுகை உச்சத்தில் இருந்தது. பிறகு நடுவில் ஒரு இடம் விட்டது. மறுபடியும் வந்தது, ஆனால் பழைய வேகம் இல்லை. நெற்றி, என்று பெரியவள் மனசுக்குள் சொன்னாள். கழுத்து. தோள். ஒரு விக்கல். வயிறு. கால். இன்னொரு விக்கல், சின்னதாக. மூலை. அவளுடைய வலது புறங்கை படிச் சுவரின் ஈரத்தில் மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது.

இன்னொரு தடவை அழேன் என்று நினைத்தாள். ஒரே ஒரு தடவை. பிள்ளை அழவில்லை. கீழே தெருவில் மழைத் தண்ணீர் ஓடும் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது.

இருட்டு அறையிலிருந்து, தூக்கம் பாதி கலந்த குரலில், கேள்வி வந்தது.

"ம்மா?"

பெரியவளின் உதடு சேர்ந்தது. தொண்டையில் அது ஏறி வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள், காய்த்துப்போன உள்ளங்கையால், அழுத்தி.

"ம்ம்" என்றாள் உள்ளே இருந்தவள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேள்வி, இன்னொரு பதில். பிறகு நீண்ட இடைவெளி. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

செருப்பைக் கையில் பிடித்தபடியே மூன்று மாடியும் இறங்கினாள். தெருமுனை தாண்டி, சத்தம் மேலே கேட்காது என்று நிச்சயமான பிறகுதான் அவற்றைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டாள்.